காணாமற்போன புள்ளியும் கைக்குக் கிடைத்த விதியும்

சென்ற பருவத்தில் துறைக் கருத்தரங்கில் வாசித்த கட்டுரையை நான் ஏன் திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்று நண்பர்கள் சிலர் கேட்டிருந்தனர். தனித்தனியே விடை எழுதுவதைவிட இங்கே பொதுவில் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. பிழை என் கோட்பாட்டில் இல்லை, எண்ணிக்கையிலும் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வலைப்பதிவின் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு உயர்த்தியபோது நேர்ந்த பழுதில் அது இருந்தது. அந்தப் பழுதைத் தவறான வழியில் சரிசெய்தது நானேதான்.

பெங்களூரு அல்சூர்ப் பகுதியில் வாழ்ந்த ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர் ஒருவர் 2006 முதல் தமிழில் வலைப்பதிவு எழுதிவந்தார். ஆங்கிலேயர் 1809இல் இங்கே படைப் பாளையம் அமைத்த பின் சென்னை மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் பேசும் தமிழை அவர் காதில் விழுந்தபடியே எழுத்தில் வைத்தார். சந்தைப் பேச்சு, கோயில் திருவிழாச் சண்டை, பாட்டிமார் சொன்ன கதை என முந்நூறுக்கும் மேற்பட்ட பதிவுகள். இலக்கணத் திருத்தம் எதுவும் செய்யாத அந்தக் கைதான் எனக்கு அரிய தரவாயிற்று. அவர் இன்று இல்லை. ஐயம் எழுந்தால் கேட்டுத் தெளிய வழியில்லை.

என் ஆய்வுப் பொருள் சொல்லிறுதி உகரம். கல், கண், பால், தேன் என்று எழுதுகிறோம். பேச்சில் கல்லு, கண்ணு, பாலு, தேனு என்கிறோம். இது பேச்சுத் தமிழில் பரவலாக உள்ள இயல்பு. கன்னடத்திலோ ஹாலு, ஜேனு, காலு, நூலு என உகர ஈறே எழுத்து வழக்காகவும் நிலைபெற்றது. இரண்டு மொழிகளுக்கும் நடுவே வாழ்ந்த ஒருவர் தமிழை எழுதும்போது இந்த உகரத்தை எங்கே எழுத்தில் காட்டுகிறார், எங்கே விடுகிறார் என்பதே என் கேள்வி.

விடை வியக்கத்தக்க ஒழுங்குடன் வந்தது. கல்லு, கண்ணு, பல்லு, சொல்லு ஆகியவை பதிவுதோறும் இருந்தன. பாலு, தேனு, காலு, நூலு ஆகியவற்றில் ஒன்றுகூட இல்லை. பால், தேன், கால், நூல் என்ற எழுத்து வடிவங்களே இருந்தன. அதாவது, தனிக்குறிலை அடுத்த மெய் இரட்டித்து உகரம் பெறுகிறது; நெடிலை அடுத்த மெய் உகரம் பெறாமல் நிற்கிறது. அசையின் எடையை வைத்து இதற்கு அழகான விளக்கம் தரலாம். தந்தேன். கைதட்டலும் கிடைத்தது. அதன்பின், அவையில் இருந்த மூத்த தமிழாசிரியர் ஒருவர் எழுந்து, "எங்கள் தெருவில் எல்லாரும் பாலு என்றுதான் சொல்லுவோம். அவர் ஒருவர்தாம் சொல்லாமல் விட்டாரா?" என்று கேட்டார்.

அன்றிரவு வேபேக் மெஷின் என்னும் இணையக் காப்பகத்தில் அந்த வலைப்பதிவின் பழைய பக்கங்களைத் தேடினேன். சில பக்கங்கள் மேம்படுத்தலுக்கு முந்தைய நிலையிலேயே சேமிக்கப்பட்டிருந்தன. முதல் பக்கத்திலேயே "பாலு" இருந்தது. இரண்டாம் பக்கத்தில் "தேனு". நான் கண்டறிந்த ஒலியியல் விதி அந்த ஆசிரியருடையது அன்று. அது நான் உண்டாக்கிய விதி.

நடந்ததைச் சொல்லுகிறேன். நான் முதுகலை மாணவராக இருந்தபோது, அந்த வலைப்பதிவு இருந்த வழங்கியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வேர்ட்பிரஸ் மென்பொருளையும் உயர்த்த வேண்டியிருந்தது. "உனக்குக் கணினி தெரியுமே" என்று குடும்பத்தார் என்னிடம் ஒப்படைத்தனர். மேம்படுத்தல் முடிந்தது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. தளம் திறந்தது, படங்கள் இருந்தன, தமிழ் மட்டும் இல்லை. ஒவ்வொரு தமிழ் எழுத்தும் இருந்த இடத்தில், தலையில் சாய்கோடிட்ட இலத்தீன் எழுத்தும் வட்டத்துக்குள் அடைபட்ட வணிகக் குறியும் பிற அயற்குறிகளும் வரிசை வரிசையாக நின்றன. இத்தகைய பக்கத்தைத் தமிழிணையத்தில் புழங்கியோர் ஒருமுறையேனும் பார்த்திருப்பர்.

இதன் காரணம் எளிது. ஒருங்குறித் தமிழை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு துணைக்குறியும் மூன்று பைட்டுகளாகின்றன. "தமிழ்" என்ற சொல்லில் கணினிக்கு ஐந்து குறிகள் உள்ளன: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஆகவே பதினைந்து பைட்டுகள். தமிழ்க் குறிகள் எல்லாவற்றிலும் முதல் பைட்டின் மதிப்பு 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் எழுத்தைப் பிரித்துக் காட்டுகிறது. இந்தப் பதினைந்து பைட்டுகளைப் பதினைந்து இலத்தீன் எழுத்துகள் என்று தவறாகப் படித்தால் மேற்சொன்ன காட்சி கிடைக்கும்.

தவறாகப் படிக்கும் நிலை ஏன் வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. வேர்ட்பிரஸ் 2003 மே மாதம் வெளிவந்தது. அது பயன்படுத்தும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் சுவீடனில் பிறந்தது. அதனால் நெடுங்காலம் அதன் இயல்பான குறிமுறை இலத்தீன்-1, அகரவரிசை சுவீடிய வரிசை. தொடக்க கால வேர்ட்பிரஸ் தான் அனுப்புவது எந்தக் குறிமுறை என்பதைத் தரவுத்தளத்திடம் சொல்லவே இல்லை. யூடிஎஃப்-8 பைட்டுகள் இலத்தீன் அட்டவணைக்குள் போயின. அப்படியே திரும்பி வந்தன. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டுத் தவறு. உள்ளே இருந்த சரக்குச் சரி. போட்டவரும் எடுத்தவரும் சீட்டைப் படிக்காதவரை சிக்கல் இல்லை. 2007 மே மாதம் வெளிவந்த 2.2 பதிப்பில்தான் குறிமுறையைக் குறிப்பிடும் வரி அமைவுக் கோப்பில் இடம்பெற்றது. புதிய மென்பொருள் "எனக்கு யூடிஎஃப்-8 வேண்டும்" என்று முறையாகக் கேட்டவுடன், தரவுத்தளம் சீட்டை நம்பி, உள்ளிருந்த ஒவ்வொரு பைட்டையும் ஓர் இலத்தீன் எழுத்தாகக் கொண்டு நேர்மையாக மொழிபெயர்த்துக் கொடுத்தது. அமைவுக் கோப்பில் அந்த வரியே இல்லாத பழைய தளங்களைப் புதிய வழங்கிக்கு மாற்றினாலும் இதே கதை நேரலாம், மைஎஸ்கியூஎல் 8.0இல் இயல்பான குறிமுறை மாறிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்த நிலையில் எதுவும் அழியவில்லை என்பதே. உரை சிதைந்தது போலத் தோன்றுகிறது. உண்மையில் வாசிப்புத்தான் சிதைந்திருக்கிறது. தீர்வும் தெரிந்ததே. இலத்தீன் எனக் குறித்த நிரலை முதலில் குறிமுறையற்ற வெறும் பைட்டு நிரலாக மாற்றி, பின்னர் அதையே யூடிஎஃப்-8 உரை நிரலாக அறிவித்தால் சீட்டு மட்டும் மாறும். சரக்கை எவரும் தொடமாட்டார்.

நான் அதைச் செய்யவில்லை. திரையில் தெரிந்த அயற்குறிகளை வெளியே எடுத்து, ஒரு சிறு நிரல் எழுதி, விண்டோஸ்-1252 என்னும் இலத்தீன் அட்டவணையின் வழியாகப் பைட்டுகளாகத் திருப்பினேன். அந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. இவற்றில் நான்கு தமிழுக்கு வேண்டியவை. 143 இல்லையெனில் ஏ இல்லை. 144 இல்லையெனில் ஐ இல்லை. 129 உகரக் குறியின் மூன்றாம் பைட்டு. 141 புள்ளியின் மூன்றாம் பைட்டு. மைஎஸ்கியூஎல் இலத்தீன்-1 என்று அழைப்பதும் நடைமுறையில் இதே அட்டவணைதான். ஆனால் அது ஐந்து காலியிடங்களையும் தானே நிரப்பி வைத்திருப்பதால் தரவுத்தளத்துக்குள்ளேயே திருத்தினால் இழப்பில்லை. வெளியே எடுத்தால் இழப்பு நேரும். என் நிரல் நேர்மையாக நின்று, மாற்ற முடியவில்லை என்று பிழைச்செய்தி தந்தது. "பிழைகளைப் புறக்கணி" என்ற ஒற்றைச் சொல்லைச் சேர்த்து அதன் வாயை அடைத்தேன். இந்தக் கதையில் பெருந்தவறு ஒன்று உண்டு என்றால் அது இதுதான்.

கிடைத்த உரையில் புள்ளியும் உகரக் குறியும் ஒரே மாதிரியான வெற்றிடமாகிவிட்டன. இரண்டின் முதல் இரு பைட்டுகளும் 224, 175 என ஒன்றே அல்லவா? எதை எங்கே இடுவது? புள்ளியே மிகுதியாக வரும் என்று எல்லா இடத்திலும் புள்ளியை இட்டேன். பின் ஒரு சொற்பட்டியலோடு ஒப்பிட்டு, பட்டியலில் இல்லாத வடிவங்களைத் திருத்தினேன். "அத்" என்பது "அது" ஆயிற்று. "வந்த்" என்பது "வந்து" ஆயிற்று. "கல்ல்" என்றொரு சொல் தமிழில் இருக்க இயலாது. ஆகவே "கல்லு" மீண்டது. "பாலு" மட்டும் "பால்" என்றே நின்றுவிட்டது, "பால்" நல்ல தமிழ்ச் சொல் என்பதால். தேன், கால், நூல் ஆகியவையும் அவ்வாறே. அசை எடை பற்றி நான் கண்ட விதி முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்: திருத்திய வடிவம் அகராதியில் இருந்தால் பேச்சு வழக்கு அழிந்தது, இல்லையென்றால் பிழைத்தது.

ஒருவருடைய பேச்சைப் பதிவு செய்த உரையை, அறியாமலேயே, எழுத்துத் தமிழாகத் திருத்திவிட்டேன். எவருக்கும் ஐயம் எழவில்லை. படித்தால் எல்லாம் சரியாகவே இருந்தது. படிப்பதற்குச் சரியாக இருந்ததுதான் கேடு.

வலைப்பதிவு மென்பொருளை உயர்த்தும்போது எல்லாரும் அஞ்சுவது வெண்திரைக்கும், தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை என்ற அறிவிப்புக்குமே. செருகுநிரல் ஒன்று புதிய பிஎச்பி பதிப்புக்கு ஒத்துவராமல் தளம் முழுவதும் வெளுத்துப்போகும். அச்சமூட்டும் காட்சிதான், ஆனால் அதில் ஓர் எழுத்தும் அழிவதில்லை. செருகுநிரல்களின் கோப்புறைப் பெயரை மாற்றினாலே பல வேளைகளில் தளம் மீண்டுவிடும். கூச்சலிடும் பிழை நம்மை நிறுத்திவைக்கிறது. அஞ்ச வேண்டியது ஓசையற்ற பிழைக்கு. அதில் மூன்று வகையைத் தமிழில் எழுதுவோர் பிரித்தறிய வேண்டும். அயற்குறிகள் தெரிந்தால் பெரும்பாலும் பைட்டுகள் பிழைத்திருக்கின்றன. கைவைக்காமல் இருப்பதே முதல் மருந்து. தமிழ் இருந்த இடமெல்லாம் வெறும் கேள்விக்குறிகளாகி, தரவுத்தளத்திலும் அவ்வாறே இருந்தால் உரை போய்விட்டது; காப்புப்படி ஒன்றே வழி. மூன்றாவது வகை, உரை பாதியில் அறுந்து நிற்பது. மைஎஸ்கியூஎலின் பழைய "யூடிஎஃப்-8" மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. கண்டிப்பற்ற அமைப்பில், நான்கு பைட்டுக் குறி ஒன்று வந்த இடத்தில் உரையை வெட்டிவிடும். உணர்ச்சிப் படங்கள் மட்டுமல்ல. 2019இல் ஒருங்குறியில் சேர்ந்த முந்திரி, மா முதலிய பின்னக் குறிகளும், கிரந்தமும், பிராமியும் நான்கு பைட்டுகளே. கல்வெட்டு ஆய்வாளர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். வேர்ட்பிரஸ் 2015இல் 4.2 பதிப்பில் நான்கு பைட்டு அமைப்புக்கு மாறியது. ஆயினும் எல்லாப் பழைய அட்டவணைகளும் அதனோடு மாறிவிடவில்லை.

"இது தொழில்நுட்பர் வேலை, மொழி ஆய்வாளருக்கு இதில் என்ன?" என்று கேட்பதுண்டு. நம் துறையின் பழைய வேலையே இதுதான் என்பேன். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது; ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியை இடவில்லை. எகர ஏகார வேறுபாடும் காட்டவில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவில் நின்றன. புள்ளியில்லா ஓலையைப் படித்து, இது மெய்யா உயிர்மெய்யா என்று ஒவ்வோரிடத்திலும் முடிவு செய்ததே பதிப்பாசிரியர் பணி. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது பல சுவடிகளை ஒப்பிட்டார்; வேறுபாடுகளைப் பதிந்தார். ஓலையில் புள்ளி இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் படிப்பவர் விழிப்போடு இருந்தார். நான் செய்தது இதற்கு நேர்மாறு. ஒரே படியை வைத்துக்கொண்டு புள்ளியை ஊகத்தால் இட்டேன், இட்டதைப் பதியவில்லை, மூலப்படியையும் அழித்துவிட்டேன். ஓலைச்சுவடி ஆய்வில் இப்படிச் செய்பவரை நாம் மன்னிக்கமாட்டோம். கணினி என்றால் மட்டும் "சரிசெய்தாயிற்று" என்று பாராட்டுகிறோம்.

"எல்லாம் ஒருங்குறிக்கு வந்துவிட்டது, இவை பழங்கதை" என்பது மற்றொரு வாதம். புதிய இயல்புநிலை புதிய அட்டவணைகளுக்கே பொருந்தும். 2004 முதல் 2010 வரை எழுதப்பட்ட தமிழ் வலைப்பதிவுகள் பல இன்றும் பழைய சீட்டோடு எங்கோ ஒரு வழங்கியில் இருக்கின்றன; அடுத்த மேம்படுத்தல் அவற்றை எழுப்பும். இலவசத் தளங்களுக்கு மாறிவிட்டால் போதும் என்பாரும் உளர். யாஹூவின் ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டதை நினைவூட்டுவேன். இது தமிழுக்கு மட்டுமான இடரும் அன்று. ஒருங்குறியின் இந்திய எழுத்துத் தொகுதிகள் இஸ்கி அட்டவணையின் வரிசையைப் பின்பற்றியவை. ஆதலால் கன்னடத்திலும் இந்தியிலும் மெய்க்குறியின் கடைசிப் பைட்டு 141. உகரக் குறியின் கடைசிப் பைட்டு 129. இந்நகரில் கன்னடத் தரவுகளோடு வேலை செய்யும் நண்பர்களும் தம் தரவுகளைச் சோதித்துக்கொள்வது நல்லது.

நல்ல முன்மாதிரியும் நம்மிடம் உண்டு. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் ஒருங்குறிக்கு மாறியபோது பழைய தகுதரக் குறிமுறைக் கோப்புகளையும் வைத்துக்கொண்டது. ஒவ்வொரு நூலின் தலைப்பிலும் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களைக் காணலாம். உரையை ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றுவது பெயர் சொல்லத் தக்க பணி என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அந்த எண்ணத்தைத்தான் பல்கலைக்கழகங்களிடம் எதிர்பார்க்கிறேன்.

ஆகவே என் கோரிக்கைகள் சில. மேம்படுத்தலுக்கு முன் தரவுத்தளத்தின் காப்புப்படியைக் குறிமுறை மாற்றமின்றி, பைட்டு பிசகாமல் எடுங்கள்; வேலை முடிந்தபின் அதை அழிக்காதீர்கள். "தளம் திறக்கிறது" என்பதைச் சோதனையாகக் கொள்ளாதீர்கள். ஏ, ஐ, உகரக் குறி, புள்ளி நான்கும் வரும் வாக்கியம் ஒன்றையும் பின்னக் குறி ஒன்றையும் முன்கூட்டியே பதிவிட்டு வையுங்கள். மேம்படுத்தியபின் அவற்றைப் பாருங்கள். புள்ளிகளின் மொத்த எண்ணிக்கையை முன்னும் பின்னும் எண்ணுங்கள். ஒரே ஒரு வினவல்தான். பழுது நேர்ந்தால் சொற்செயலியிலோ மாற்றியிலோ ஒட்டித் திருத்தாமல் தரவுத்தளத்துக்குள்ளேயே திருத்துங்கள். பிழைகளைப் புறக்கணிக்கச் சொல்லும் கட்டளையை உரைத்தரவில் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். செய்த மாற்றங்களைப் பதிப்புரை போல ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்.

துறைத் தலைவர்களிடமும் நெறியாளர்களிடமும் ஒன்று கேட்பேன். இணையத்திலிருந்து எடுத்த தமிழ்த் தரவை வைத்து ஆய்வேடு எழுதும் மாணவரிடம், அந்த உரை எத்தனை முறை மென்பொருள் மாறியது, யார் மாற்றினார், எப்படிச் சரிபார்த்தார் என்று கேளுங்கள். தகவலாளியின் வயதையும் ஊரையும் கேட்கும் நாம் உரையின் பயணத்தைக் கேட்பதில்லை. அதைச் சரிபார்க்கும் மாதங்களை ஆய்வுக்காலத்தின் பகுதியாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

அந்த ஆசிரியரின் பதிவுகளில் காப்பகத்தில் கிடைத்தவற்றை மீட்டுவிட்டேன். கிடைக்காதவற்றில் நெடிலை அடுத்து வரும் ஒவ்வோர் இறுதி மெய்க்கும் "உகரம் இருந்திருக்கக்கூடும், உறுதியில்லை" என்ற குறிப்பைச் சேர்த்துவருகிறேன். மெல்ல நடக்கும் வேலை. அவர் பாலை எப்படி எழுதினார் என்பது அப்பதிவுகள் பலவற்றில் இனி எவருக்கும் தெரியப்போவதில்லை.

உங்கள் பொறுப்பிலோ உங்களுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரின் பொறுப்பிலோ இப்படிப் பழைய தமிழ் வலைப்பதிவு இருந்தால், மேம்படுத்தும் பொத்தானை அழுத்துவதற்கு முன் எனக்கு ஒரு சொல் எழுதுங்கள். சேர்ந்து காப்புப்படி எடுப்போம்.